‘அசாதாரண சூழ்நிலை’: ஒரு வசனத்துக்குள் அடங்காத 26 ஆண்டுகள்

வடக்கில் வெளிவந்த பாடசாலை மலர் எதையும் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அதிபர்களின் பட்டியல் இருக்கும். கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டிய திகதிகள் இருக்கும். பரிசளிப்பு விழாக்களும் விளையாட்டுப் போட்டிகளும் பரீட்சைப் பெறுபேறுகளும் ஆண்டுவாரியாக இருக்கும். 1983ஐத் தாண்டியதும் ஒரு வசனம் வந்து சேரும்: ‘நாட்டில் நிலவிய அசாதாரண சூழ்நிலை காரணமாக இவ்வாண்டு விழா நடைபெறவில்லை.’ அடுத்த ஆண்டிலும் அதே வசனம். அதற்கடுத்த ஆண்டிலும் அதே வசனம்.

எமது சங்கத்தின் நூறு ஆண்டுகளில் 26 ஆண்டுகள் அந்த வசனத்துக்குள் கிடக்கின்றன. அதை எழுதியவர்களைக் குறைகூற முடியாது. அதற்கு மேல் ஒரு சொல் கூட எழுதியிருந்தால் இந்தப் பக்கத்தாரோ அந்தப் பக்கத்தாரோ வாசலுக்கு வந்திருப்பார்கள். ஆனால் துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னரும் அந்த வசனம் மாறவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பிரித்துப் பார்க்கும் ஒரு முயற்சி.

இந்த யுத்தத்தைப் பற்றி எழுதுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய மாணவிகள் நால்வர் கூடினால் அங்கே நான்கு யுத்தங்கள் இருக்கின்றன. 1983 ஜூலையில் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கிய குடும்பத்துப் பிள்ளைக்கு யுத்தம் என்பது எரியும் வெள்ளவத்தை. 1987இன் இறுதியில் வெளிநாடு சென்றவருக்கு அது இந்திய இராணுவம். 1995இல் தென்மராட்சிக்கு நடந்தவருக்கு அது மழையும் நாவற்குழிப் பாலமும். 2009 வரை வன்னியில் இருந்தவரோ பெரும்பாலும் பேசுவதேயில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் வாழ்பவர்களுக்கு, தாம் புறப்பட்ட ஆண்டோடு யுத்தமும் உறைந்துபோகிறது. அவரவர் யுத்தத்தில் குற்றவாளியும் வேறு.

பேச்சு சூடாகும்போது இரண்டு வசனங்கள் வரும். ஒன்று, ‘அவங்கள் செய்ததுக்குத்தானே இவங்கள் செய்தவங்கள்.’ மற்றது, ‘இரண்டு பக்கமும் பிழைதான், விடுங்கோ.’ முதலாவது ஒரு கொலையைக் கொண்டு இன்னொன்றை நியாயப்படுத்துகிறது. இரண்டாவது எல்லாக் கொலைகளையும் ஒரே குழியில் போட்டு மூடிவிடுகிறது. வரலாறு இரண்டுக்கும் இடம்கொடுப்பதில்லை.

1985 மே: பதிலுக்குப் பதில்

முதல் வசனத்தைச் சோதிக்க 1985 மே மாதத்தின் சில நாள்களே போதும். அம்மாத முற்பகுதியில் வல்வெட்டித்துறையில் இராணுவத்தினர் சுமார் 70 பொதுமக்களைக் கொன்றனர். 14ஆம் திகதி விடுதலைப் புலிகள் அநுராதபுரம் பஸ் நிலையத்திலும் ஸ்ரீ மகா போதி வளாகத்திலும், திரும்பும் வழியில் வில்பத்துவிலும் 146 பேரைச் சுட்டுக் கொன்றனர். மறுநாள் 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. 20க்கு மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவர்களுள் கைக்குழந்தையும் அடக்கம். வந்தவர்கள் கடற்படையினரே என்று உயிர்தப்பியவர்கள் சாட்சியமளித்தனர். எவரும் தண்டிக்கப்படவில்லை.

அநுராதபுரம் வல்வெட்டித்துறைக்குப் பதில் என்றார்கள். அடுத்தடுத்த கொலைகளுக்கும் அப்படியே முன்னைய கொலை ஒன்று காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் பஸ்ஸுக்குக் காத்துநின்ற சிங்களத் தாய் வல்வெட்டித்துறையில் எவரையும் சுடவில்லை. குமுதினியில் இருந்த நெடுந்தீவுப் பெண் அநுராதபுரத்துக்குப் போனதேயில்லை. ஒவ்வொரு தடவையும் ‘பதில்’ போய்ச் சேர்ந்தது கையில் ஆயுதம் இல்லாதவரிடம்தான்.

இந்த முறை புதிதாக அந்த மேயில் தோன்றியதல்ல. 1983 ஜூலை 23இல் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் இறந்தனர். அதைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்தில் படையினர் சுமார் 50 பொதுமக்களைக் கொன்றனர். தெற்கில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் நாள்கணக்கில் எரிந்தன. கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. ஆத்திரத்தில் கிளம்பிய கூட்டத்துக்கு இடாப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே, ‘பதில்’ என்ற சொல்லுக்குப் பின்னால் திட்டமும் இருந்ததைக் காட்டிவிடுகிறது.

1987: வைத்தியசாலையில் இரண்டு குற்றங்கள்

இரண்டாவது வசனத்துக்கு வருவோம். பழி இருபுறமும் உண்டு என்றால் அது எப்படி உண்டு? 1987 ஒக்ரோபர் 21 தீபாவளி நாள். இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையிலான சண்டை யாழ்ப்பாண நகரை எட்டியிருந்தது. யாழ். போதனா வைத்தியசாலை வளாகத்தில் ஆயுதங்களுடன் நின்ற புலி உறுப்பினர்களை வெளியேறுமாறு மருத்துவர்கள் கேட்டுக்கொண்டனர். அவர்கள் வெளியேறிய பின்னர் இந்தியப் படையினர் உள்ளே நுழைந்தனர். அன்றும் மறுநாளும் மருத்துவர்கள், தாதியர், சிற்றூழியர், நோயாளர் எனச் சுமார் 70 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பணியாளர்கள் சீருடையுடன் கடமையில் இருந்தவர்கள்.

வைத்தியசாலைக்குள் ஆயுதம் கொண்டுசென்றது ஒரு குற்றம். நோயாளர் கட்டில்களுக்கிடையே புகுந்து சுட்டது இன்னொரு குற்றம். முதலாவதைச் சொன்னால் இரண்டாவது குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இரண்டாவதைச் சொல்லும்போது முதலாவதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் பழி என்பது பங்குபோடும் காணி அல்ல, ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறைய. சுட்டவரின் குற்றம் முழுமையாகச் சுட்டவருடையது. மக்களை மறைப்பாக்கியவரின் குற்றம் முழுமையாக அவருடையது. இறந்த தாதிக்கு இரண்டுமே கடன்பட்டிருக்கின்றன.

எமக்குள்ளே

தமிழர் பக்கத்திலிருந்து எழுதும்போது மிகக் கடினமான பகுதி, தமிழரே தமிழருக்குச் செய்தது. 1986 ஏப்ரல், மே மாதங்களில் புலிகள் ரெலோ இயக்கத்தை அழித்தபோது இளைஞர்கள் யாழ்ப்பாண வீதிகளில் சுட்டு எரிக்கப்பட்டனர். எரித்தவர்களுக்கு ஊரவர் சிலர் குளிர்பானம் கொடுத்ததை ‘முறிந்த பனை’ பதிவுசெய்திருக்கிறது. அந்நூலை எழுதிய நால்வருள் ஒருவரான டாக்டர் ராஜினி திராணகம யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறையின் தலைவர். இராணுவம், இந்தியப் படை, இயக்கங்கள் எனத் துப்பாக்கி வைத்திருந்த எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்தவர். 1989 செப்ரெம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் புலிகளே என்பது அவருடன் பணியாற்றியவர்களின் முடிவு. இரு பக்கத்தையும் சமமாகக் கேள்வி கேட்பவருக்கு இரு பக்கத்திலும் பாதுகாப்பு இல்லை என்பதை அந்தக் கொலை எல்லோருக்கும் அறிவித்தது. அதன் பின்னர் நிலவிய மௌனத்தை விளங்கிக்கொள்ள அந்த ஒரு நாளை அறிந்தால் போதும்.

இரண்டு ஒக்ரோபர் முப்பதுகள்

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிசாரைப் புலிகள் கொன்றனர். ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே மாதம் ஏறாவூரிலும் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் உயிரிழந்தனர். வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் முஸ்லிம் ஊர்காவல் படையினரும் சேர்ந்து நடத்திய தாக்குதலில் பலியாகினர். செப்ரெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து படையினர் கொண்டுசென்ற 158 பேர் திரும்பவேயில்லை. நான்கு நாள்களின் பின் சத்துருக்கொண்டானில் 180க்கு மேற்பட்ட தமிழர்கள், பெண்களும் குழந்தைகளுமாக, இராணுவ முகாமில் கொல்லப்பட்டனர். அந்தக் கோடையில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் துக்கம் இல்லாத இனம் இல்லை.

ஒக்ரோபரில் வடக்கின் முறை வந்தது. சாவகச்சேரி, மன்னார் எனத் தொடங்கிய வெளியேற்றம் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் சோனகத் தெருவை எட்டியது. ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறுமாறு புலிகள் உத்தரவிட்டனர். நகைகள் கழற்றப்பட்டன. சிறுதொகைப் பணமும் உடுதுணியுமே அனுமதிக்கப்பட்டன. வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் குடியேறினர். அழுது வழியனுப்பிய அயலவர்கள் இருந்தார்கள். விட்டுச்சென்ற வீடுகளின் கதவுகளும் யன்னல்களும் ஓடுகளும் பின்னர் விலைக்கு வந்தபோது வாங்கியவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் வரவுப் பதிவேடுகளில் முஸ்லிம் மாணவிகளின் பெயர்களுக்கு நேரே நவம்பரிலிருந்து அடையாளம் எதுவும் விழவில்லை. அவர்கள் விடுகைப் பத்திரம் கேட்டு வந்தவர்கள் அல்லர்.

சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்ரோபர் 30. ‘ரிவிரச’ இராணுவ நடவடிக்கை நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூலை 9இல் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீதும், செப்ரெம்பர் 22இல் நாகர்கோவில் பாடசாலை மீதும் விமானப்படையின் குண்டுகள் விழுந்திருந்தன. நாகர்கோவிலில் இறந்தவர்களுள் பெரும்பாலானோர் பாடசாலைப் பிள்ளைகள். இராணுவத்துக்குப் பயப்படக் காரணம் தேவையில்லாத காலம் அது. அன்றிரவு மீண்டும் ஒலிபெருக்கி. வலிகாமம் முழுவதும் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தனர். நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் கொட்டும் மழையில், இருட்டில், சைக்கிள்களில் மூட்டைகளைக் கட்டி, முதியவர்களைத் தாங்கிக்கொண்டு, நாவற்குழியையும் கோப்பாயையும் தாண்டி அடி அடியாக நகர்ந்தனர். தென்மராட்சிப் பாடசாலைகளும் கோயில்களும் நிரம்பி வழிந்தன. வெறுமையான நகரில் டிசம்பரில் சிங்கக்கொடி ஏற்றப்பட்டது.

இந்த இரு நாள்களும் ஒன்றல்ல. 1995இல் போனவர்களில் பலர் 1996 ஏப்ரலுக்குப் பின் திரும்பி, உடைந்த வீட்டைத் திருத்திக் குடியிருந்தார்கள். 1990இல் போனவர்களுக்கு அந்த வாய்ப்பு 2002 யுத்தநிறுத்தம் வரை ஏறக்குறைய இல்லை. அவர்களில் பலர் இன்னும் புத்தளத்தில்தான். முதலாவது வெளியேற்றம் ஓரினத்தவர் என்பதற்காக மட்டும் நிகழ்ந்தது. இரண்டாவதில் முன்னால் ஓர் உத்தரவும் பின்னால் ஓர் இராணுவமும் நின்றன. ஆனாலும் ஒரே திகதியில், ஒரே ஊரில், ஒலிபெருக்கியின் குரல் கேட்டு வீட்டைப் பூட்டுவதா திறந்தபடி விடுவதா என்று தெரியாமல் நின்ற இரண்டு பெண்களை நினைத்துப் பார்க்கலாம். ஒருத்தியின் நாளை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். மற்றவளுடைய நாளைப் பெரும்பாலும் அவளுடைய மக்கள் மட்டுமே நினைவுகூர்கிறார்கள்.

செம்மணி: பெயர் சொல்லப்பட்ட குற்றம்

1995இல் மக்கள் நடந்துபோன அதே வீதியில் செம்மணிச் சோதனைச் சாவடி அமைந்தது. 1996 செப்ரெம்பர் 7இல் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியின் உயர்தர மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டு கைதடிக்குச் சைக்கிளில் திரும்பும்போது அங்கே மறிக்கப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கூடத் திரும்பவில்லை. நால்வரும் கொலையுண்டு புதைக்கப்பட்டிருந்தனர். கிருஷாந்தி பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டிருந்தார்.

இந்த வழக்கு மூடப்படாமல் இருந்ததற்குத் தமிழ்ச் சட்டத்தரணிகளோடு தெற்கின் பெண்கள் அமைப்புகளும் குரல்கொடுத்தது ஒரு காரணம். 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் பாதுகாப்புப் படையினர் சிலருக்கு மரணதண்டனை விதித்தது. அப்போது குற்றவாளிகளுள் ஒருவரான சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் மேலும் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் கூறினார். 1999 அகழ்வில் 15 உடல்கள் கிடைத்தன. பிறகு நீண்ட அமைதி. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வுகளில் 200க்கு மேற்பட்ட எலும்புத்தொகுதிகள் வெளிவந்தன. சிறு பிள்ளைகளுடையனவும் அவற்றுள் இருந்தன. ஒரு பாடசாலைப் பையும் இருந்தது.

‘படையினர்’ என்ற பொதுச்சொல்லுக்குள் மறைந்திருந்த குற்றம் இந்த வழக்கில்தான் பெயரும் முகமும் பெற்றது. அதனால் ஏனைய சிங்களவர் மீதான பழி குறைந்ததே தவிரக் கூடவில்லை. செய்தவரை அடையாளம் காணும்போதுதான் செய்யாதவர் விடுபடுகிறார்.

இறுதி ஆண்டுகள்

2006 ஜூன் 15இல் கெப்பிட்டிக்கொல்லாவையில் கிளைமோர் கண்ணிவெடியில் பஸ் ஒன்று சிதறி, பிள்ளைகள் உட்பட 64 சிங்களக் கிராமத்தவர் இறந்தனர். அரசு புலிகளைக் குற்றஞ்சாட்டியது, புலிகள் மறுத்தனர். ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விமானத் தாக்குதலில் 50க்கு மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலானோர் பாடசாலை மாணவிகள். அது பயிற்சி முகாம் என்றது அரசு. இரண்டு இடத்திலும் வெண்ணிறச் சீருடைகள் இருந்த வீடுகளுக்குத்தான் செய்தி போனது.

2009இல் வன்னியின் ஒடுங்கிய கரையோரத்தில் நடந்ததை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. அரச படைகள் தாமே அறிவித்த யுத்த சூனிய வலயங்களின் மீதும் வைத்தியசாலைகளின் மீதும் ஷெல் வீசியமை, உணவையும் மருந்தையும் தடுத்தமை ஆகியன நம்பத்தகு குற்றச்சாட்டுகள் என்றது. புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்தமை, தப்பியோடியவர்களைச் சுட்டமை, பிள்ளைகளைப் பலவந்தமாகச் சேர்த்தமை ஆகியனவும் நம்பத்தகுந்தவையே என்றது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றும் கூறியது.

இங்கே எண்ணிக்கையே ஓர் ஆயுதமானது. உள்ளே இருப்பவர்கள் சுமார் 70,000 பேர் மட்டுமே என்று அவ்வாண்டின் தொடக்கத்தில் அரசு கூறியது. கப்பலில் போகும் உணவு அந்தக் கணக்கைப் பொறுத்தது. இறுதியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ இரண்டே முக்கால் இலட்சத்துக்கும் மேல். மக்களைக் குறைத்து எண்ணியவரும், அவர்களை வெளியேற விடாமல் வைத்திருந்தவரும் சேர்ந்தே ஒரு தாயின் கையிலிருந்த கஞ்சியைக் குறைத்தார்கள்.

எப்படி நிறுப்பது?

இவ்வளவையும் அடுக்கிய பின் ‘இரண்டு பக்கமும் பிழைதான்’ என்று சொல்லி முடிக்க முடியுமா? இரண்டு பக்கமும் பிழை என்பது உண்மை. சமமான பிழை என்பது அதிலிருந்து தானாக வருவதில்லை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் மூன்று கேள்விகள் தேவை. யார் செய்தார்? யாருக்குச் செய்தார்? செய்யாமல் இருந்திருக்க முடியுமா?

அரசு என்பது நீதிமன்றமும் பாராளுமன்றமும் விமானப்படையும் உள்ளது. கொல்லப்பட்டவர்கள் அதன் குடிமக்கள். அவர்களைக் காப்பது அதன் முதற் கடமை. ஆகவே அதன் பொறுப்பு கனமானது. அதுமட்டுமல்ல, இரு தரப்பில் இன்று எஞ்சியிருப்பது அரசு மட்டுமே. பதில் சொல்லவும், கோப்புகளைத் திறக்கவும், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்கு ஒரு விடை கொடுக்கவும் அதனால்தான் முடியும். யுத்தத்தில் காணாமற்போன சிங்களச் சிப்பாய்களின் தாய்மாருக்கும் அதே விடை தேவைப்படுகிறது.

புலிகளின் தலைமை இன்று இல்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சி ஊடக மாநாட்டில் முஸ்லிம்களின் வெளியேற்றம் குறித்து அவர்கள் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். ஆனால் தமிழ் மக்களின் பெயரால் நடந்தவற்றுக்கு ஒரு வசன வருத்தம் போதாது. அந்தப் பெயர் எங்களுடையது. கூண்டில் நிறுத்த ஆளில்லாத இடத்தில், உள்ளதை உள்ளபடி எழுதிவைப்பது ஒன்றே செய்யக்கூடியது. எமது துயரத்தை உலகம் எண்ணவில்லை என்று நாம் முறையிடும்போது, நாம் எண்ணாமல் விட்டவர்கள் யார் என்று காத்தான்குடியிலும் அநுராதபுரத்திலும் உள்ளவர்கள் கேட்க உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு விடை வைத்திருப்பவரின் முறையீட்டுக்குத்தான் கனம் அதிகம்.

ஒரு வேண்டுகோள்

சங்கத்தின் அடுத்த நூற்றாண்டுக்கு இந்தக் கட்டுரை ஒரு பணியை முன்வைக்கிறது. 1983 முதல் 2009 வரையான ஒவ்வொரு பிரிவினரும் தம் வகுப்புத் தோழிகளின் பெயர்களை நினைவிலிருந்து எழுதி அனுப்பலாம். இன்று ஏறக்குறைய எல்லாப் பிரிவுகளுக்கும் வாட்ஸ்அப் குழு உண்டு, ஒரு மாதத்தில் செய்துவிடக்கூடிய வேலை. ஷெல்லில் இறந்தவர், காணாமற்போனவர், இயக்கத்துக்குத் தானே போனவர், பிடித்துச் செல்லப்பட்டவர், இயக்கத்தாலேயே கொல்லப்பட்டவர், படகேறியவர் என ஒவ்வொருவருக்கும் தெரிந்ததைத் தெரிந்த அளவில் எழுதலாம். காரணம் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். 1990 ஒக்ரோபரில் போன முஸ்லிம் மாணவிகளின் பெயர்களையும் அதே பட்டியலில், அகரவரிசையில் அவை வரவேண்டிய இடத்தில், எழுத வேண்டும். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் வாழும் அவர்களில் எத்தனை பேருக்கு இந்த மலர் போய்ச் சேரும் என்பதையும் செயற்குழு பார்க்க வேண்டும். அவர்களும் பழைய மாணவிகளே.

அந்தப் பட்டியல் தயாரானதும் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி வைக்கப்படட்டும். எழுத வேண்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. 1983இல் உயர்தரம் படித்தவர்கள் இப்போது அறுபதைத் தொட்டிருக்கிறார்கள்.